வலிக்கு நான் சொன்ன காரணம்

ரகு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "என்னப்பா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், நான் முகூர்த்தப் பட்டு, மண்டபம், சமையல்காரர் என்று பேச்சை மாற்றிவிடுவேன். அப்படி மாற்றி மாற்றியே பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓசூரில் உன் அறையில் மற்ற பையன்கள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

நான் இப்போது இருக்கிற கோலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டிக்குள்ளிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்து, நாற்காலிக் காலில் மாட்டியிருக்கும் பையில் முடிகிறது. என் சிறுநீர் அதில்தான் இறங்குகிறது. பத்து நாளாக இப்படித்தான். போன வாரம் நீ பேசியபோது அம்மா, "ஈரோட்டுக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்காருப்பா" என்றாளே, அப்போது நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. மூத்திரப் பையில் ஒரு கல். வியாழக்கிழமை எடுக்கிறார்கள்.

எட்டு மாதமாக எனக்கு வலி இருந்தது. ஒன்றுக்குப் போய் முடிக்கிற நேரத்தில் உள்ளே சுருக்கென்று இழுக்கும். அடிவயிற்றில் ஆரம்பித்துத் தொடை இடுக்குவரை பரவி, கொஞ்ச நேரம் நிற்க விடாது. சில நாள் பாதியில் நின்றுபோகும். உடம்பைச் சாய்த்தால் மறுபடி வரும். மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் கடையில் கழிப்பறை கிடையாது என்பது உனக்குத் தெரியும். சந்து முனையில் இருக்கிற பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். அதற்காகவே முப்பது வருடமாக நான் பகலில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்துப் பழகியவன். வலி வந்த பிறகு இன்னும் குறைத்துக்கொண்டேன். கடையில் யாராவது கேட்டால் வாயு என்றேன். உன் அம்மாவிடம் இடுப்புப் பிடிப்பு என்றேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் முகம் தெரியாத மருந்துக் கடையாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி "நீர்க்கடுப்புக்கு" என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு கடையில் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. எதுவும் கேட்காமல் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அறுபதைத் தொடப்போகிற மனிதன் ஏன் இப்படி ஒளிந்து திரிந்தான் என்று நீ கேட்பாய். எனக்கு அந்த வலியை முன்பே தெரியும். அது எதனால் வருகிறது என்பதும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு இருபத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. சரக்கு எடுக்கக் கடைக்காரர்கள் இரண்டு பேரோடு வெளியூர் போன இடத்தில், அவர்கள் கூப்பிட்டார்கள் என்று ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரு தடவைதான். 'ஒரு தடவைதான்' என்று எழுதும்போதே என்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்வது தெரிகிறது. போனேன், அவ்வளவுதான். திரும்பி வந்து இரண்டு வாரத்தில் விலாவில் ஆரம்பித்த வலி தொடை இடுக்குக்கும் விரைக்கும் இறங்கியது. ஒன்றுக்குப் போனால் நெருப்பு. பொம்பளைச் சீக்கு பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். டாக்டரிடம் போக வெட்கம். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் மாதம் இரண்டு நாள் தங்கும் வைத்தியர் ஒருவர் இருந்தார். பேப்பரில் விளம்பரம் வரும், 'வாலிபர்களின் ரகசிய நோய்களுக்கு' என்று. அவர் கொடுத்த பொடியைச் சாப்பிட்டேன். பத்தாம் நாள் கடுகைவிடப் பெரிதாக, கறுப்பாக ஏதோ ஒன்று சிறுநீரோடு விழுந்தது. வலி அன்றே நின்றது. "அதுதான் விஷம். எறங்கிடுச்சு" என்றார் வைத்தியர். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அதை முப்பத்து நான்கு வருடம் நம்பினேன்.

இப்போது உன்னுடைய கதைக்கு வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் என் வாயால் அதை நீ ஒரு தடவையும் கேட்டதில்லை.

அப்போது நாம் ஸ்ரீரங்கத்தில் அந்த ஐந்து குடித்தன வீட்டில் இருந்தோம். ஐந்து குடும்பத்துக்கும் பின்கட்டில் இரண்டு கழிப்பறை. நீ கல்லூரியில் இரண்டாம் வருடம். நாளுக்குப் பத்துப் பதினைந்து தடவை நீ பின்கட்டுக்குப் போவதை எதிர்க் குடித்தனத்து அம்மாள் கவனித்து, "என்ன சார், உங்க பையன் போறதும் வர்றதுமா இருக்கான்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது நீ வந்து நின்றாய்.

"அப்பா, ஒன்னுக்குப் போனா எரியுதுப்பா. இங்கேருந்து இங்க வரைக்கும் இழுக்குது" என்று இடுப்பிலிருந்து தொடை இடுக்குவரை விரலால் கோடு போட்டுக் காட்டினாய்.

என் வலி வந்த அதே வழி. நீ கோடு போட்டது எனக்கு வரைபடம் போலத் தெரிந்தது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, காய்ச்சல் இருக்கிறதா என்று எதையும் நான் கேட்கவில்லை. "யார் கூடப் போன?" என்றேன். உனக்குக் கேள்வியே புரியவில்லை. "எங்கப்பா?" என்றாய். நடிக்கிறாய் என்று நினைத்து அறைந்தேன். கையில் இருந்த சோப்பு நுரை உன் காதில் ஒட்டிக்கொண்டது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "வலிக்குதுன்னு சொல்ற புள்ளைய ஏங்க அடிக்கிறீங்க? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். "இது ஆம்பள சமாச்சாரம், நீ உள்ள போ" என்றேன். அவள் வாயை அப்படி அடைத்தது நான் செய்த இரண்டாவது தப்பு. அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ஒரு ஸ்கேனில் எல்லாம் தெரிந்திருக்கும்.

தெருவில் நமக்குத் தெரிந்த டாக்டர் இருந்தார். அவரிடம் போகவில்லை. ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று உன்னை பஸ்ஸில் ஏற்றி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். லாட்ஜ் பெயர் மாறியிருந்தது; பழைய வைத்தியரும் போய்ச் சேர்ந்துவிட்டார்; அவர் சிஷ்யன் என்று ஒருவர், அதே மாதிரி மாடி அறை, அதே மாதிரி கட்டில் மேல் மருந்து டப்பாக்கள். அவர் உன் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "கெட்ட சகவாசம். உண்மையச் சொன்னாத்தான் மருந்து வேலை செய்யும்" என்றார். நீ, "நான் எதுவும் செய்யலைங்க" என்றாய். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னாய். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், ரகு. நான் உன் பக்கம் பேசுவேன் என்று பார்த்தாய். நான், "ஒத்துக்கடா, ஒத்துக்கிட்டாதான் வெளிய போகலாம்" என்றேன். நீ தரையைப் பார்த்தாய். பிறகு, "செஞ்சேன்" என்றாய்.

அந்தச் சொல் பொய் என்று எனக்கு அப்போதே ஏதோ ஒரு மூலையில் தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை நீ. தெரிந்தும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் மட்டும் அப்படிப் போனவன் இல்லை என்று மனசு லேசானது. இத்தனை வருடத்தில் இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன் வலியைவிட என் ஆறுதல் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நாற்பத்தெட்டு நாளைக்கு லேகியமும் பொடியும் கொடுத்தார். "தண்ணிய நெறையக் குடிக்காத, மருந்து நீத்துப் போயிடும்" என்றார். நான் உன் தண்ணீர் பாட்டிலைக்கூட எண்ணிப் பார்த்துக் காவல் காத்தேன். நடுவில் ஒரு வாரம் வலி குறைந்தது. "பாத்தியா?" என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். குறைந்ததற்கு என்ன அர்த்தம் என்று பின்னால் தெரிந்தது. கல் அடைத்துக்கொண்ட சிறுநீரகம் வேலை செய்வதையே நிறுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது வாரம் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல், நீ நடுங்கிக்கொண்டே சீட்டிலிருந்து சரிந்துவிட்டாய். உன்னோடு படித்த பையன்கள்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கடையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது உன் முதுகில் துளை போட்டுக் குழாய் விட்டிருந்தார்கள். அதில் சீழ் வந்துகொண்டிருந்தது.

சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற குழாயில், மூத்திரப் பைக்குள் நுழைகிற வாசலில், ஒரு துவரம்பருப்பு அளவுக் கல். அது அந்த இடத்தில் சிக்கினால் இடுப்பில் ஆரம்பித்துத் தொடை இடுக்குவரை இழுக்குமாம். ஒன்றுக்குப் போனால் எரியுமாம். அடிக்கடி வருகிற மாதிரியே இருக்குமாம். நீ விரலால் கோடு போட்டுக் காட்டினாயே, அதையே அந்த சர்ஜன் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இடது சிறுநீரகத்தைக் காப்பாற்ற முயற்சி செய்தார்கள், முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து எடுத்துவிட்டார்கள்.

"ஏன் இவ்ளோ நாள் விட்டீங்க?" என்று சர்ஜன் என்னைப் பார்த்துக் கேட்டார். கட்டிலில் கிடந்த நீ கண்ணைத் திறக்காமலே, "நான்தான் வீட்ல சொல்லல சார். கூச்சமா இருந்துச்சு" என்றாய். அவர் உன்னைத் திட்டினார். "படிச்ச பையன், இதுல என்னப்பா கூச்சம்?" என்றார். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இளநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. நீயும் ஒரு தடவைகூடக் குத்திக் காட்டவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நான் உன்னிடம், "பொண்ணு வீட்ல ஆபரேஷனப் பத்தியெல்லாம் பேச வேணாம். கேட்டா அப்பெண்டிக்ஸ்னு சொல்லிக்கலாம்" என்றேன். உன் மானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வையம்பட்டியில் நித்யா வீட்டுக்காரர்கள் 'ஏன், எப்படி' என்று துருவினால் என் பெயர் வெளியே வரும் என்ற பயம்தான் அது.

பத்து நாளைக்கு முன்னால் மத்தியானம், கடையில் துணி பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு முற்றிலும் அடைத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் சந்து முனைக்கும் கடைக்கும் நடந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. வயிறு கல் மாதிரி ஆனது. வேறு வழியில்லாமல் ஆட்டோ பிடித்துத் தில்லைநகரில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் போனேன். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. குழாய் விட்டு வலியை இறக்கிவிட்டுப் பிறகு நிதானமாகக் கேள்வி கேட்டார். எத்தனை மாதமாக, ஆரம்பத்தில் வலியா முடிக்கும்போதா, ரத்தம் வந்ததா, சீழ் மாதிரி ஏதாவது வடிந்ததா, சர்க்கரை உண்டா. அதே குரலில், "வீட்டுக்காரம்மாவத் தவிர வேற யார்கூடவாவது தொடர்பு இருந்திருக்கா? எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். சர்க்கரையைக் கேட்ட மாதிரியே இதையும் கேட்டார். அறைந்து கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது, ரகு. இவ்வளவு சாதாரணமாகக் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

சொன்னேன். இருபத்தைந்து வயதில் போனது, வலி, பொடி, கறுப்பாக விழுந்தது, எல்லாம் சொன்னேன். ரத்தப் பரிசோதனை எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் மூத்திரப் பையில் பெரிய கல், வலது சிறுநீரகத்தில் பொடியாக மூன்று. படத்தை என் பக்கம் திருப்பி, "ஐயா, அன்னைக்கு விழுந்ததும் கல்லுதாங்க. தானா எறங்கியிருக்கு. பொடி சாப்பிடலன்னாலும் விழுந்திருக்கும். நீங்க போன எடத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். முப்பத்து நான்கு வருடமாக நான் தூக்கிச் சுமந்த வியாதி எனக்கு வரவே இல்லை. அந்த இல்லாத வியாதியைத்தான் நான் உன் மேல் ஏற்றிவைத்தேன்.

அடுத்ததாக, "வீட்ல வேற யாருக்காவது கல் இருந்திருக்கா?" என்று கேட்டார். "என் பையனுக்கு" என்றேன். "கிட்னிக்கு ஒன்னும் பாதிப்பு இல்லையே?" என்றார். "இல்லைங்க, உடனே பாத்துட்டோம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் முன்னால் நித்யா போன் பண்ணியது. பேச்சோடு பேச்சாக, "மாமா, ரகு ஆபரேஷனப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எங்கப்பாகிட்டயும் நேர்ல வந்து சொல்லிட்டாரு. எங்களுக்கு ஒன்னும் இல்ல மாமா. ஆனா ஒன்னுதான் வருத்தமா இருக்கு. கூச்சப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட சொல்லாமயே இருந்துட்டாராமே? சொல்லியிருந்தா நீங்க பாத்திருப்பீங்கல்ல?" என்றது. நான், "ஆமாம்மா" என்றேன். போனை வைத்த பிறகு அந்த 'ஆமாம்மா' வீட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் பழியை உன் மேல் போட்டுக்கொண்டு நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். அதை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியூர் போனது முதல் நித்யாவிடம் சொன்ன 'ஆமாம்மா' வரை. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது. அத என்ன பண்றதுன்னு நான் அப்புறம் யோசிச்சுக்கறேன்" என்றாள். பிறகு, "நீங்க போனீங்கங்கறதுக்காக என் புள்ளையும் போயிருப்பான்னு முடிவு பண்ணீங்க பாருங்க" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். மூன்று நாளாக வேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், பையைக் காலி பண்ணித் தருகிறாள், பேச்சு இல்லை. அவள் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன். கேட்காமல் போனாலும் எனக்குக் குறை சொல்ல உரிமை இல்லை.

நேற்று டாக்டரிடம் மறுபடி போனேன். முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, "தம்பி, அன்னைக்கு நான் ஒரு பொய் சொல்லிட்டேன். என் பையனுக்கு ஒரு கிட்னிதான் இருக்கு. ஆறு வாரம் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம வச்சிருந்தேன்" என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாவுக்கும் கல், பையனுக்கும் கல். ஒரு தடவ வந்தவங்களுக்குத் திரும்ப வரும். ஒத்தக் கிட்னி வேற. கடைசியா எப்ப ஸ்கேன் பாத்தாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன் வேலை, உன் சம்பளம், உன் ஷிஃப்ட் எல்லாம் தெரியும், இது தெரியவில்லை. "மொதல்ல அதப் பாருங்க. உங்க கல்லவிட அதுதான் அவசரம். கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்துடலாம்" என்றார்.

இந்தக் கடிதத்தை எழுதியது இதற்காகத்தான். உனக்கு இருப்பது ஒன்று. அதில் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி. எரிச்சலோ இழுப்போ ரத்தமோ எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. யார் என்ன நினைப்பார்கள் என்று காத்திருக்காதே. நாளை உன் வீட்டில் யாராவது வந்து வலிக்கிறது என்றால் எங்கே என்று கேள். ஏன் என்பதைச் சொல்ல வேண்டியது டாக்டர்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். உன்னிடமிருந்து இன்னும் ஒன்றைக் கேட்டு வாங்குகிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். நீ தப்பு செய்யவில்லை. அந்த லாட்ஜ் அறையிலும் சரி, அதற்கு முன்னாலும் சரி, எப்போதும் செய்யவில்லை. இதை நித்யாவிடமும் அவள் அப்பாவிடமும் நானே வையம்பட்டிக்குப் போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஆனால் இது உன் உடம்பு, உன் கதை. நீ சரி என்றால் போகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

கிளம்பும்போது டாக்டர், "வியாழக்கிழமை உங்களுக்கு எடுக்கறப்பவே பையனையும் வரச் சொல்லுங்க, ஸ்கேனுக்கு நேரம் குறிச்சுடவா?" என்று கேட்டார். குறிக்கச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். "அவனக் கேட்டுட்டு சொல்றேன் தம்பி" என்றேன்.

கேட்கிறேன், ரகு. வியாழக்கிழமை உனக்குத் தோதுப்படுமா?

அப்பா